மின்தட்டுப்பாடு: வீட்டில் எதைக் குறைப்பது, எந்த நேரத்தில் குறைப்பது

மின்தட்டுப்பாடு என்று அறிவிப்பு வந்ததும் பல வீடுகளில் முதலில் அணைவது கூடத்து விளக்கு. 9 வாட் எல்இடி பல்பை ஒரு மணி நேரம் அணைத்து வைத்துப் பிடித்த மிச்சத்தை, 2000 வாட் வாட்டர் ஹீட்டர் 16 விநாடியில் தின்றுவிடும். விளக்கை அணைப்பதில் தவறில்லை. அதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டால் மீட்டரில் எந்த மாற்றமும் தெரியாது. சூடாக்குவது, குளிர வைப்பது, தண்ணீர் ஏற்றுவது ஆகிய மூன்றில்தான் வீட்டுக் கரண்டின் பெரும்பகுதி போகிறது. கை வைக்க வேண்டியது அங்கே.

எந்த வகைத் தட்டுப்பாடு என்று முதலில் பாருங்கள்

கரண்டைப் பெரிய அளவில் மூட்டை கட்டி வைப்பது எளிதல்ல. எந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். செலவு மிஞ்சினால் மின்தொகுப்பின், அதாவது மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் வலையமைப்பின், அலைவெண் (நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ்) இறங்கத் தொடங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், மொத்த அமைப்பும் சரிந்துவிடாமல் இருக்க, துணைமின் நிலையங்களில் உள்ள ரிலேக்கள் (தானியங்கிச் சுவிட்சுகள்) சில பகுதிகளைத் தாமாகவே துண்டித்துவிடும். முன்னறிவிப்பு இல்லாமல் வரும் மின்வெட்டுகளில் சில இப்படி வருபவைதான்.

தட்டுப்பாடு இரண்டு விதமாக வரும். ஒன்றில், நாள் முழுக்கப் போதுமான மின்சாரம் இருக்கும். எல்லோரும் ஒரே சமயத்தில் இழுக்கும் சில மணி நேரம், அதாவது உச்ச நேரத்தில், மட்டும் உற்பத்தி எட்டாது. 2011 கோடையில் ஜப்பான் அனுபவித்தது இது. ஃபுகுஷிமா அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு டோக்கியோ, தொஹோக்கு வட்டாரங்களில் பெரிய மின் நுகர்வோர் வார நாட்களில் காலை 9 முதல் இரவு 8 வரை 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியது. இரவில் எவ்வளவு செலவழித்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மற்றொன்றில், மூலப்பொருளே குறைந்துவிடும்: அணையில் தண்ணீர் இருக்காது, அல்லது எரிபொருள் வராது. 2001இல் பிரேசிலின் நிலை அது. நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்த நாட்டில் அணைகள் வற்றியதால், ஜூன் 2001 முதல் பிப்ரவரி 2002 வரை வீடுகளுக்கு மாத யூனிட் அளவு விதிக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகள் 20 சதவீதம் குறைக்க வேண்டியிருந்தது. அங்கே எந்த மணியில் குறைத்தார்கள் என்பது பொருட்டே அல்ல.

உங்கள் ஊர் அறிவிப்பில் "மாலை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை" என்று இருந்தால் முதல் வகை. யூனிட் கணக்கோ சதவீதமோ சொன்னால் இரண்டாவது. இந்த வேறுபாடு கீழே சில இடங்களில் எதிரெதிரான ஆலோசனைக்கே கொண்டுபோகும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

மீட்டரை வைத்து அளப்பது

1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் தப்பாகும். ஃப்ரிட்ஜில் 150 வாட் என்று போட்டிருந்தாலும் அதன் கம்ப்ரஸர் நாள் முழுக்க ஓடுவதில்லை. மீட்டரிலேயே அளந்துவிடலாம். தேவை ஒரு கடிகாரமும் ஒரு தாளும்தான்.

1. எலக்ட்ரானிக் மீட்டரில் சிவப்பாக ஒரு சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 1600, 3200 ஆகியவை அடிக்கடி காணப்படும் எண்கள். பழைய சுழலும் தட்டு மீட்டரில் யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருக்கும்; கணக்கு ஒன்றுதான்.

2. பத்து மினுக்கலுக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். முதல் மினுக்கலைச் சுழியம் என்று தொடங்கி எண்ண வேண்டும். ஒன்று என்று தொடங்கினால் ஒன்பது இடைவெளியைத்தான் அளந்திருப்பீர்கள்.

3. 3200 மீட்டரானால் 11,250ஐ அந்த விநாடிகளால் வகுங்கள். 1600 மீட்டரானால் 22,500ஐ வகுங்கள். வருவது அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். வேறு எண் இருந்தால் 3,60,00,000ஐ மீட்டர் எண்ணால் வகுத்து, அதை மறுபடி விநாடிகளால் வகுக்க வேண்டும்.

3200 மீட்டரில் பத்து மினுக்கலுக்கு 75 விநாடி ஆனால் 150 வாட். சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் எல்லோரும் தூங்கும்போதும் அதே 150 வாட் ஓடினால் நாளுக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 108 யூனிட்.

இந்தச் சோதனையை மூன்று முறை செய்யுங்கள். இரவு படுக்கப் போகுமுன் ஒன்று, தட்டுப்பாட்டு நேரத்தில் ஒன்று, சந்தேகப்படும் கருவி ஒவ்வொன்றையும் போட்டும் அணைத்தும் ஒன்று. இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தக் கருவியின் உண்மையான இழுவை. நடுவில் ஃப்ரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கினால் கணக்குக் குழம்பும். அளக்கும் ஐந்து நிமிடத்துக்கு அதை அணைத்து வையுங்கள். மறுபடி போட மறக்காதீர்கள். கூரையில் சோலார் இருந்தால் பொழுது சாய்ந்த பிறகு அளப்பது நல்லது. பல மீட்டர்களில் வெளியே போகும் கரண்டுக்கும் அதே விளக்குதான் மினுக்கும்.

எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிய பிறகும் மினுக்கல் தொடர்ந்தால் அது சிக்கன விஷயம் அல்ல. எங்கேயோ கசிவு இருக்கலாம், அல்லது உங்கள் மீட்டரில் இருந்து வேறு யாருக்கோ கம்பி போயிருக்கலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

குளியல் தண்ணீர்

20 லிட்டர் வாளித் தண்ணீரை 20 டிகிரி செல்சியஸ் ஏற்ற ஏறத்தாழ அரை யூனிட் செலவாகும். ஹீட்டர் எந்தப் பிராண்டாக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. தண்ணீரின் இயல்பு அது. நான்கு பேர் குளித்தால் இரண்டு யூனிட். 75 வாட் மின்விசிறி ஒரு நாளைக்கும் கூடுதலாக, 26 மணி நேரத்துக்கு மேல் ஓடக்கூடிய கரண்ட் அது. எனவே சேமிக்க வழி இரண்டுதான்: தண்ணீரைக் குறைப்பது, சூட்டைக் குறைப்பது. ஷவரில் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை போகும். ஆறு நிமிடம் நின்றால் இரண்டரை முதல் மூன்று வாளி. தட்டுப்பாடு தீரும் வரை வாளியும் குவளையும் போதும்.

தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் கீசரை நாள் முழுக்கப் போட்டு வைத்தால், யாரும் குளிக்காத நேரத்திலும் சூடு வெளியேறும். தெர்மோஸ்டாட் அதைத் திரும்பத் திரும்ப ஈடுகட்டும். 15 லிட்டர், 2000 வாட் கீசருக்கு 25 டிகிரி ஏற்றக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே பிடிக்கும். குளிக்கக் கால் மணி முன்னால் போட்டு, குளிக்கப் போகும்போது அணைத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அடுத்தடுத்துக் குளித்தால் குழாயில் ஆறிப்போகும் தண்ணீரும் மிச்சம். முன்பைவிட அதிக நேரம் ஆகிறதென்றால் கீசரின் உள்ளே உப்பு படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தேக்காமல் ஓடும் தண்ணீரைச் சூடாக்கும் உடனடி ஹீட்டர் 3000 வாட் அல்லது அதற்கு மேலே இழுக்கும். மொத்த யூனிட் குறைவாக இருக்கலாம். ஆனால் உச்ச நேரத்தில் ஒரே வீடு 3 கிலோவாட் இழுப்பது முதல் வகைத் தட்டுப்பாட்டில் மிக மோசமான பழக்கம். அப்போது இதைவிடச் சிறிய தேக்கக் கீசரே மேல்.

வாட்டர் ஹீட்டர் கம்பி பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது: முதலில் தண்ணீரில் முக்கு, பிறகு சுவிட்சைப் போடு. எடுக்கும்போது முதலில் சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, பிறகு கம்பியைத் தொடு. கொதித்துவிட்டதா என்று கை விட்டுப் பார்ப்பதும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். நடுவில் கரண்ட் போய்விட்டால் சுவிட்சைப் போட்டபடி விட்டுவிட்டு நகர வேண்டாம். தண்ணீர் இல்லாத நிலையில் கரண்ட் திரும்பினால் கம்பி எரியும். பிளாஸ்டிக் வாளி உருகித் தீப்பிடிக்கும்.

அடுப்பு, இஸ்திரி, துவைப்பு

மின்சார அடுப்பில் மூடி போட்டுச் சமைப்பது எல்லோரும் அறிந்தது, செய்பவர்கள் குறைவு. பயறு, தானியங்களை முன்னிரவே ஊறவைத்தால் வேகும் நேரம் வெகுவாகக் குறையும். கொதி வந்த பிறகு அடுப்பின் அளவைக் குறையுங்கள். கொதிக்கும் தண்ணீர் எவ்வளவு வேகமாகக் கொதித்தாலும் அதன் வெப்பநிலை ஏறாது; கூடுதல் கரண்ட் ஆவியாகத்தான் போகும். கெட்டிலில் இரண்டு கோப்பை வேண்டுமானால் இரண்டு கோப்பை அளந்தே ஊற்றுங்கள். முழுக் கெட்டிலைக் காய்ச்சி முக்கால்வாசியைக் கொட்டுவதுதான் அடிக்கடி நடக்கிறது. உச்ச நேரத்துக்கு முன்பே காய்ச்சி ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டால் மாலை முழுக்கக் கெட்டில் பக்கமே போக வேண்டியதில்லை. எலக்ட்ரிக் குக்கரின் "சூடாக வைக்கும்" விளக்கு எரியும் வரை கரண்ட் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

இஸ்திரியை வாரத்துக்கு ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த சூடு போதுமான துணிகளில் தொடங்கி, பருத்தியைக் கடைசியில் செய்து, பெட்டியை அணைத்த பிறகு மிச்சமிருக்கும் சூட்டில் கைக்குட்டை, சிறு துணிகளை முடிக்கலாம். துணியில் தண்ணீரைச் சொட்டச் சொட்டத் தெளித்தால் அதை ஆவியாக்கவே பாதிக் கரண்ட் போகும்.

வாஷிங் மெஷின் சூடான தண்ணீரில் துவைக்கும்போது, செலவாகும் கரண்டில் பெரும்பகுதி டிரம்மைச் சுற்றுவதற்கு அல்ல, தண்ணீரைச் சூடாக்குவதற்கே. குளிர்ந்த தண்ணீர், முழு லோடு, வெயிலில் காயப்போடுதல். டிரையர் இருப்பதையே மறந்துவிடுங்கள்.

ஏசி

18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண ஏசியின் கம்ப்ரஸருக்கு ஓடுவது, நிற்பது இரண்டுதான் தெரியும். 26இல் வைத்தாலும் 18இல் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிரூட்டும்; 18இல் வைத்தால் நிற்காமல் ஓடும் என்பதே வித்தியாசம். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் ஏறத்தாழ 6 சதவீதம் கரண்ட் குறையும் என்பது பொதுவான கணக்கு. 26 அல்லது 27இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே தோன்றும். ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். தூசி அடைத்த ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனி கட்டும். ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது.

தட்டுப்பாட்டு வகை இங்கேதான் முக்கியமாகிறது. உச்ச நேரம் மட்டும் பிரச்சினை என்றால், அதற்கு ஒரு மணி முன்பே அறையை 24 வரை குளிரவைத்து, உச்ச நேரம் தொடங்கியதும் ஏசியை அணைத்து, மின்விசிறியோடு சமாளிக்கலாம். தடித்த சுவரும் இறுக மூடும் கதவும் உள்ள அறையில் இது நன்றாகவே வேலை செய்யும். பெரிய மேற்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல் இருந்தால் அரை மணியில் குளிர் கரைந்துவிடும். யூனிட் தட்டுப்பாடு என்றால் இந்த வித்தையே வேண்டாம். முன்கூட்டிக் குளிரவைப்பதில் கொஞ்சம் கூடுதலாகத்தான் செலவாகும்.

வெயிலை ஜன்னலுக்கு உள்ளே திரைச்சீலையால் மறைப்பதைவிட வெளியே தட்டியோ துணிப் பந்தலோ கட்டி மறைப்பது எவ்வளவோ மேல். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த சூடு திரைச்சீலையில் பட்டும் அறைக்குள்தான் இருக்கும்.

ஃப்ரிட்ஜ்

இரவில் ஃப்ரிட்ஜை அணைத்து வைத்துச் சேமிக்கிறோம் என்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். காலையில் போட்டதும் இழந்த குளிரையெல்லாம் மீட்க அது நெடுநேரம் ஓடும். இடையில் உணவு கெடும் ஆபத்து வேறு. உச்ச நேரத்தில் இரண்டு மணி நேரம் கதவைத் திறக்காமல் அணைத்து வைப்பது மட்டும், முதல் வகைத் தட்டுப்பாட்டில், தொகுப்புக்கு உதவும். அப்போதும் யூனிட் மிச்சமாவதில்லை, நேரம்தான் மாறுகிறது.

உண்மையான சேமிப்பு வேறு இடங்களில் இருக்கிறது. கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. முதலில் ரப்பரை வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து அழுக்கை எடுங்கள். பல சமயம் அதுவே போதும். கதவின் நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க வேண்டும், குறிப்பாகக் கீல் பக்கத்துக் கீழ் மூலை. பின்புறக் கம்பிவலையில் தூசி இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூரிகையால் தட்டுங்கள். சுவருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். ஃப்ரீசரில் பனி அரை சென்டிமீட்டருக்கு மேல் படிந்தால் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் குத்தி எடுத்தால் குழாய் ஓட்டையாகி வாயு போய்விடும். கீழ் அறை 3 முதல் 5 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி போதும். பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் திருகில் எண் கூடினால் குளிர் கூடும், சூடு அல்ல. பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டு உச்ச எண்ணிலேயே வைத்துவிடுகிறார்கள்.

மின்விசிறி, விளக்கு, தூங்காத பெட்டிகள்

மின்விசிறி ஆளைக் குளிர்விக்கும், அறையைக் குளிர்விக்காது. ஆளில்லாத அறையில் சுழலும் மின்விசிறியின் மோட்டார் அறையைக் கொஞ்சம் சூடாக்கவே செய்யும். சாதாரண சீலிங் ஃபேன் 70 முதல் 80 வாட், பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) வகை ஏறத்தாழ 30 வாட். பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாக வேண்டியதில் ஒரு பங்கு ரெகுலேட்டரிலேயே சூடாகிப் போகும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டராக மாற்றுங்கள். முழு வேகத்தில் வைத்தும் ஃபேன் மந்தமாக ஓடினால் முதலில் கப்பாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலான சீலிங் ஃபேன்களில் அது 2.5 மைக்ரோஃபாரட், உள்ளே எழுதியிருக்கும் எண்ணையே வாங்கி மாட்டுங்கள், கூட்டி மாட்டினால் மோட்டார் சூடாகும்.

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்இடி தரும். தாமிரச் சோக்கு வைத்த பழைய டியூப் லைட் 36 வாட் என்று எழுதியிருந்தாலும் சோக்கையும் சேர்த்து 50 வாட் அளவுக்குத் தின்னும். அதே இடத்தில் 20 வாட் எல்இடி டியூப் போதும்.

சார்ஜரைச் சுவிட்சிலேயே விட்டுவைப்பது பற்றி ஏகப்பட்ட பேச்சு உண்டு. போன் மாட்டாத சார்ஜர் பெரும்பாலும் அரை வாட்கூட இழுக்காது. கேட்க வேண்டியது செட்டாப் பாக்ஸை. ரிமோட்டில் அணைத்த பிறகும் பலவற்றில் 10 வாட் அளவுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 10 வாட் இடைவிடாமல் ஓடினால் மாதம் 7.2 யூனிட். சுவரிலுள்ள சுவிட்சில் அணைத்துவிடுங்கள்.

தண்ணீர் மோட்டார்

1 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஏறத்தாழ 1000 வாட் இழுக்கும். மேல்தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று இன்றே குறித்து வையுங்கள். முன்பு 30 நிமிடத்தில் நிரம்பியது இப்போது 50 நிமிடம் ஆகிறதென்றால், ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடி வால்வு) கசிகிறது, உறிஞ்சும் குழாயில் காற்று புகுகிறது, இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) தேய்ந்திருக்கிறது, அல்லது வோல்டேஜ் குறைவாக வருகிறது. கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் நிறச் சாயத்தை விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். தண்ணீர் விடாமலே கோப்பையில் நிறம் தெரிந்தால் வால்வு கசிகிறது. அந்தக் கசிவுக்கும் சேர்த்துத்தான் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது.

தட்டுப்பாட்டு நாட்களில் வோல்டேஜ் தாழ்ந்து வருவது வழக்கம். பல்புக்கு அதனால் பெரிய கேடில்லை. மோட்டாரோ அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியர் இழுக்கும், வைண்டிங் சூடாகும். முனகல் சத்தம் கேட்டும் மோட்டார் சுழலவில்லை என்றால் உடனே அணையுங்கள். ஒரு நிமிடம் தாமதித்தாலும் வைண்டிங் கருகிப் போகலாம். உச்ச நேரத்தில் மோட்டார் போடவே வேண்டாம். அதிகாலையில் வோல்டேஜும் நன்றாக இருக்கும், தொட்டியும் சீக்கிரம் நிரம்பும்.

இன்வெர்ட்டர் சேமிப்புக் கருவி அல்ல

இன்வெர்ட்டர் இருப்பதால் நாம் தொகுப்பைத் தொந்தரவு செய்யவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. ஈய அமில பேட்டரியில் ஏற்றி, வைத்து, திரும்ப எடுக்கும் மூன்று கட்டத்திலும் இழப்பு உண்டு. அதிலிருந்து ஒரு யூனிட் பயன்படுத்த, லைனிலிருந்து ஒன்றரை யூனிட் அல்லது அதற்கு மேலும் எடுக்க நேரும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி தாளில் 1800 வாட்-மணி. பேட்டரியை ஒரேயடியாகக் காலி செய்யாமல், இழப்பையும் கழித்தால் கைக்கு வருவது ஏறத்தாழ 1000. மூன்று ஃபேன், சில விளக்குகள் என்று 300 வாட் போட்டால் மூன்று மணி நேரம் ஓடும். ஃப்ரிட்ஜையும் சேர்த்தால் அது இன்னும் குறைந்துவிடும்.

இந்நாட்களில் பேட்டரி அடிக்கடி இறங்கி ஏறும். தண்ணீரும் வேகமாகக் குறையும். மாதம் ஒருமுறை பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆசிட் ஊற்றக் கூடாது, குழாய்த் தண்ணீரும் கூடாது. சார்ஜ் முடிந்த பிறகு ஊற்றினால் பொங்கி வழியாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் பேட்டரியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். முழுக்க இறங்கிய பேட்டரியை நாள் கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கொள்ளளவு போய்விடும்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டை மறக்கக் கூடாது. வீட்டுக்குள்ளும், பால்கனியிலும், ஜன்னல் ஓரத்திலும் ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் மாட்டவும் கூடாது. கரண்ட் பின்னோக்கிப் போய்க் கம்பத்தில் வேலை செய்பவரைத் தாக்கும்.

மின்வெட்டுக்கு முன்னும் பின்னும்

நேரம் தெரிந்த மின்வெட்டானால் முன்பே தொட்டியை நிரப்புங்கள், போன்களைச் சார்ஜ் செய்யுங்கள், தண்ணீர் பாட்டில்களை முக்கால்வாசி நிரப்பி ஃப்ரீசரின் காலி இடத்தில் அடுக்குங்கள். உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் முழுக்க நிரப்ப வேண்டாம். கதவைத் திறக்காமல் விட்டால் ஃப்ரிட்ஜின் கீழ் அறை 4 மணி நேரம் குளிர் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். வெளியூர் போகிறவர்களுக்கு எளிய சோதனை ஒன்று: ஒரு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் கிண்ணத்தின் அடியில் உறைந்திருந்தால், இடையில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது; உள்ளே உள்ள உணவைச் சாப்பிட வேண்டாம்.

ஆக்சிஜன் கருவி போன்றவற்றை வீட்டில் நம்பியிருப்பவர்கள் இந்தச் சிக்கனக் கணக்குக்குள் வர வேண்டியதில்லை. அவற்றுக்கு மாற்று ஏற்பாட்டை முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுச் செய்துவிடுங்கள். கைக்குழந்தை, முதியோர் இருக்கும் அறையில் மின்விசிறியை அணைத்துச் சேமிப்பதும் வேண்டாம்.

கரண்ட் போனதும் இஸ்திரி, ஹீட்டர், அடுப்பு, மோட்டார், ஏசி, ஃப்ரிட்ஜ் ஆகியவற்றின் சுவிட்சுகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். கரண்ட் வந்ததை அது சொல்லும். மெழுகுவர்த்தியைவிட டார்ச் பாதுகாப்பானது.

கரண்ட் திரும்பிய முதல் பத்து நிமிடம்தான் தொகுப்புக்கு மிகக் கடினமான நேரம். வழக்கமாக ஒரு தெருவில் உள்ள ஃப்ரிட்ஜ்களும் ஏசிகளும் மாறி மாறி ஓடும். வெட்டுக்குப் பிறகு எல்லாமே சூடாகியிருப்பதால் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடத் தொடங்கும். இன்வெர்ட்டர்களும் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். பாரம் வழக்கத்தைவிட மிகக் கூடி, வந்த கரண்ட் மறுபடி போவது இதனால்தான். உங்கள் கருவிக்கும் இதில் ஆபத்து உண்டு. நின்ற கம்ப்ரஸருக்குள் வாயுவின் அழுத்தம் இருபுறமும் சமமாக மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதற்குள் போட்டால் அழுத்தத்தை எதிர்த்துத் தொடங்க முடியாமல் திணறிச் சூடாகும்.

வரிசை இது: ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். வோல்டேஜ் நிலையாக இருக்கிறதா என்று விளக்கைப் பார்த்தால் தெரியும். பிறகு ஃப்ரிட்ஜ். இன்னும் ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் தேவையானால் மோட்டார். அது நின்ற பிறகு ஏசி. கீசர், இஸ்திரி, துவைக்கும் வேலை எல்லாம் உச்ச நேரம் கழிந்த பிறகு.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகு, உச்ச நேரத்தில் மறுபடி பத்து மினுக்கலை எண்ணிப் பழைய தாளோடு ஒப்பிடுங்கள். வாட் எண் குறையாமல் இருந்தால் இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறதா, யாராவது கீசரை அணைக்க மறந்தார்களா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும்.